துடிக்கும் பித்தக்கல்

தண்ணீர் இலாகாவின் மிருக ஆஸ்பத்திரியில் அறுக்கிறவளுக்குக் கத்தி என்று பேர். கையில் அது இருப்பதால் ஒன்று. என்ன நடந்தாலும் வாயைத் திறந்து கத்தமாட்டாள் என்பதால் இன்னொன்று. வைத்தவர்களுக்குக் குசும்பு ஜாஸ்தி. பதினோரு வருஷமாக டாக்டர் சொன்ன இடத்தில் அறுத்து, சொன்ன இடத்தில் தைத்தாள். டாக்டர் அவளுக்கு அக்கா புருஷன். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அப்புறம் வாய் எங்கிருந்து திறக்கும்?

அறுபடுவது கொப்பளி. ஊர்க் குழாய்களுக்குள் புகுந்து பாசியை வழித்துத் தின்கிற பிராணி. கொப்பளித்துக்கொண்டே போவதால் அந்தப் பேர். முழங்கை நீளம். மண்டையைத் தவிர வேறெங்கும் எலும்பு கிடையாது, குழாய் வளைகிறபடியெல்லாம் வளையும். நாக்கு நாலாக மடியும். இதயம் இரண்டு: முன்னது தண்ணீரில் துடிக்கும், பின்னது கரையேறினால் துடிக்கும். இரண்டும் ஒன்றாகத் துடித்தால் சாகப்போகிறது என்று அர்த்தம்.

ஆணுக்கு அடிவயிற்றில் ஒரு பை. மூன்று வயதில் அது வீங்கும். ஆண் தொட்டிச் சுவரில் தலையை மோதிக்கொள்ளும். "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று தொட்டி கழுவுகிறவர்கள் ஒரு பேச்சுக்குச் சொன்னார்கள். டாக்டர் அதைக் காதில் வாங்கித் தன் புத்தகத்தில் இறக்கிவிட்டார். பைக்குள்ளிருந்த நீரும் மஞ்சளாக இருந்து தொலைத்தது. ஆகவே அது பித்தப்பை. மூன்று வயதில் எடுத்துவிட வேண்டும். படம், அம்புக்குறி எல்லாம் உண்டு.

அது ஆயிற்று மூன்று வருஷம். அன்றிலிருந்து ஒரு குட்டி பிறக்கவில்லை. பழி யார்மேல் விழும்? வழக்கம்போலப் பெட்டைமேல்தான். மலடு என்று சான்றிதழ் எழுதி, ஒவ்வொன்றாக ஊசி போட்டுத் தீர்த்தார்கள். மிச்சமிருந்தது நாலாம் தொட்டி மகராசி மட்டும். அதற்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்தாயிற்று.

மகராசி கத்தி கையால் தின்று வளர்ந்தது. அவள் தொட்டியோரம் போனால் போதும், எக்கி வந்து வாயிலிருந்து கொழகொழவென்று ஓர் உருண்டையை அவள் மேலங்கிப் பைக்குள் தள்ளிவிடும். "சனியனே, உனக்குத் துப்ப என் பைதானா கெடச்சுது?" என்று திட்டிக்கொண்டே கழுவிவிடுவாள்.

புதன்கிழமை ஓர் ஆணைப் பிடித்து வந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால், அறுவைக்கு முதல் நாள், மகராசியின் தொட்டியிலிருந்து நழுவிப் பழைய குழாயில் ஒளிந்திருந்த கள்ளன். கத்தி மயக்கம் கொடுத்தாள், பையை எடுத்தாள், தைத்தாள். தட்டில் போட்டபோதுதான் பை கனத்தது. கீறிப் பார்த்தாள். மஞ்சள் நீருக்குள் ஐந்து குட்டிகள், நகக்கண் அளவில். ஒவ்வொன்றிலும் இரண்டு புள்ளிகள். இரண்டும் ஒன்றாகத் துடித்தன.

தட்டோடு டாக்டர் அறைக்கு ஓடினாள். அவர் புத்தகத்தின் மூன்றாம் பதிப்புக்குப் பிழை திருத்திக்கொண்டிருந்தார்.

"அத்தான், இதப் பாருங்க."

"பித்தக்கல்லு. இதுக்கா இந்த ஓட்டம்?"

"கல்லு துடிக்குமா அத்தான்?"

கண்ணாடியை மாட்டினார். குனிந்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். சாத்திய வேகத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்று கத்திக்குத் தெரிந்தது.

"இது வயித்துப்பிள்ள சுமக்கற பை அத்தான். ஆண்தான் சுமக்குது. மகராசி மலடு இல்ல. இன்னும் ரெண்டு துடிக்குது, உள்ள வச்சுத் தெச்சுப் பாக்கட்டுமா?"

"ரெண்டு தையல் இருந்தா எவனாவது ஏன்னு கேப்பான். சரி, பதினோரு வருஷத்துல நான் ஒரு நாளாவது கத்தியத் தொட்டிருக்கேனா?"

"இல்ல."

"அப்ப வெளிய தெரிஞ்சா யார் கையப் பாப்பாங்க? நீயே சொல்லு."

அதற்குள் அக்காவுக்குப் போன் போட்டு, விஷயத்தைச் சொல்லி, அவள் காதில் வைத்துவிட்டார்.

"ஏண்டி, சோறு போட்ட மனுஷனச் சந்தி சிரிக்க வெக்கணுமா? அஞ்சு புழுவுக்காகவா?"

"புழு இல்லக்கா..."

"வாய மூடு. இத்தன வருஷம் மூடிக்கிட்டுத்தானே இருந்தே?"

டாக்டர் குரலைத் தணித்தார். "மகராசிய விட்டுடறேன். சான்றிதழ இப்பவே கிழிக்கறேன். நீ தட்டக் கழுவிட்டு வா."

கிழித்தார். பேச்சு சுத்தம். கத்தி தட்டைப் பார்த்தாள், ஒன்றுதான் துடித்துக்கொண்டிருந்தது. பேருக்குத் தகுந்தபடி ஒரு தடவை கத்தியிருக்கலாம். கழுவத்தான் போனாள்.

தண்ணீரைத் திறந்தபோதுதான் அந்தக் கொழகொழ உருண்டை நினைவுக்கு வந்தது. பையைக் கண்டால் விடாமல் மகராசி கொண்டுவந்து போட்டதெல்லாம் முட்டை. எத்தனை தடவை கழுவிவிட்டாள் என்று அவளுக்கே கணக்கில்லை. இனி வாங்கிக்கொள்ள ஊரில் பையுள்ள ஆண் ஒன்றுகூட இல்லை. கடைசிப் பையையும் காலையில் அவள்தான் எடுத்திருந்தாள்.

மூன்றாம் பதிப்பு தடபுடலாக வெளிவந்தது. ஓர் அடிக்குறிப்பு புதிது: "கொப்பளியின் பித்தக்கற்கள் அரிதாகத் துடிப்பதும் உண்டு." கீழே, இதைக் கண்டுபிடிக்க உதவிய மைத்துனிக்கு நன்றி.

அதெல்லாம் பிறகு. அந்த வெள்ளிக்கிழமை ஊசி இல்லை. கத்தி நாலாம் தொட்டிக்குப் போனாள். மகராசி வாய் நிறைய உருண்டையோடு எக்கி வந்தது. மேலங்கிப் பையை மூக்கால் முட்டியது. திறக்கவில்லை. மிருகத்துக்குப் போடுகிற அதே நெருக்கத் தையலில் பையின் வாயை அவள் மூடியிருந்தாள். மகராசி மறுபக்கம் சுற்றி வந்தது. அங்கே பையே கிடையாது. மறுபடி தையலுக்கே வந்து முட்டியது.

"போடி," என்றாள் கத்தி. "போ."

அது உருண்டையை விழுங்காமல், துப்பாமல், வாயில் வைத்துக்கொண்டே அடியில் போய்ப் படுத்தது.