பால்காரருக்கு ஒரு விளக்கு

கார்த்திகையின் கடைசி ஞாயிறு. கச்சபேஸ்வரர் கோயிலில், புது மண்சட்டியில் மாவிளக்கு ஏற்றித் தலையில் சுமந்தபடி ஜனங்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். தலையின் நோய் தீர வேண்டிக்கொள்பவர்கள் அவர்கள்.

தேவேந்திரன் ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று வந்ததிலிருந்து, அவருக்காக மனைவி சங்கரிதான் விளக்கு சுமந்தாள். அவர் வாசலில் செருப்புகளுக்குக் காவல் நிற்பார். உள்ளே மணி அடிக்கும்போது மட்டும் எட்டி எட்டிப் பார்ப்பார்.

இந்த வருஷம் சங்கரிக்குக் கழுத்துவலி.

"உங்க தலைக்கு நீங்களே தூக்குங்க. எல்லையில நின்னவருக்கு இந்த வாசப்படி இன்னா அவ்ளோ உசரமா?"

"என் தலைக்கு ஒண்ணுமில்லமா."

"அப்ப ராவுல கத்தறது யாரு, பக்கத்து வூட்டு சேவலா?"

சிரித்தவர் உடனே அடங்கிப்போனார். "அந்தப் பால்காரரு சங்கரி..."

அவளுக்குத் தெரியும். எல்லையில், மலையோர ராணுவச் சோதனைச் சாவடியில், நிறுத்தச் சொல்லியும் நிற்காமல் வந்த பைக்கை அவர் சுட்டார். விழுந்தவரிடம் துப்பாக்கி இல்லை. பால் கேன் உருண்டு சாலையெல்லாம் வெள்ளையாக ஓடியது. பிரேக் பிடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. இவர்மேல் தவறில்லை என்று அதிகாரிகள் முடித்துவிட்டார்கள்.

"அவருக்கு ஒரு அர்ச்சனை பண்ணணும்னு மனசு அடிச்சிக்கினே இருக்குது. பேரு கேப்பாங்களே! அதுகூட தெரியலியே எனக்கு."

சங்கரி துண்டைச் சுருட்டி அவர் தலையில் வைத்தாள். அதன்மேல் சட்டியை ஏற்றினாள்.

"அவருக்கே தூக்குங்க. செருப்பு போனா போவுது."

சுற்றி முடித்துச் சன்னதிக்கு வந்தார்கள்.

"பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ," என்றார் குருக்கள்.

தேவேந்திரன் சட்டியைப் பிடித்தபடி சங்கரியைப் பார்த்தார்.

"சீக்கிரம் சொல்லுபா, நெய்யி மூஞ்சில ஒழுகுது!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"சாமி, என் கையால ஒருத்தர் செத்துட்டாரு. அவருக்குத்தான். பேரு தெரியாது. நம்ம சாமியக் கும்புடறவர்கூட இல்ல."

குருக்கள் தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களைக் கையமர்த்தினார்.

"சுவாமி பேருக்கே பண்றேன். பேர் இல்லாதவாளுக்குத் தன் பேரைக் குடுக்கறதுல அவருக்கு ஒண்ணும் கொறைஞ்சுடாது. அந்த மனுஷர் வீட்டுல யார் இருக்கா?"

"தெரியாது சாமி."

"சரி, அவாளுக்கும் சேத்து."

அர்ச்சனை முடிந்தது. குருக்கள் விபூதியை நீட்டினார். "உங்க பேருக்கும் பண்ணட்டுமா?"

"இப்ப வேணாம் சாமி. அடுத்த வருஷம் வரேன்."

ஆனால் அவர் வெளியே போகவில்லை. தூணோரம் ஒதுங்கி, வரிசையில் வந்தவர்கள் சொன்ன ஒவ்வொரு பெயரையும் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டு நின்றார்.