சோபாவுக்கு ஆகாதவள்

மானம் விலைமதிப்பில்லாதது என்பார்கள். சோபாக்கடை முதலாளி வீட்டில் அதற்கு விலை இருந்தது: மூன்று பேர் உட்காரும் தோல் சோபா ஒன்று, அசல் விலையில். போன மாதம் கூடத்தில் அந்தச் சோபாவில் உட்கார்ந்திருந்த முதலாளியின் மனைவி ஒரு தும்மல் போட்டாள். அடக்க முடியாமல் சிறுநீர் சிந்தி, சோபா நனைந்தது. அன்றோடு அவளுக்கும் கூடத்துக்கும் ஒட்டு உறவு அறுந்தது.

"சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. நீங்க சமையக்கட்டைவிட்டு வெளிய தலைகாட்டாதீங்க அண்ணி," என்றாள் நாத்தனார், சோபாவைத் துடைத்துக்கொண்டே. அவள் முதலாளியின் தங்கை. அந்த வீட்டின் சம்பளமில்லாத மேனேஜர். "கேட்டா, உடம்பு சரியில்லன்னு சொல்லிக்கறேன்."

"நான் பெத்த பொண்ணைக் கேட்டு வர்றாங்க. அவளுக்கு மாமியாரா வரப்போறவங்க முகத்தை நான் பாக்க வேணாமா?"

"கதவிடுக்குல பாருங்க. தும்மாம பாருங்க."

தலை வாரிக்கொண்டிருந்த முதலாளி சீப்பை நிறுத்தினார். "அவ சொல்றதுல என்ன தப்பு? ஆமா, காலைலேருந்து எத்தனை டம்ளர் தண்ணி குடிச்ச?"

தண்ணீரைக் குறைப்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம். சரக்கு உள்ளே வந்தால்தானே வெளியே போகும்? குடோன் கணக்கு உடம்புக்கு ஒத்துவரவில்லை. வந்தது கொஞ்சமாக, எரிச்சலோடு, முன்னைவிட அடிக்கடி வந்தது.

முதலாளிக்கும் அதே இடத்தில்தான் கோளாறு. ஆனால் அவருடையதற்குப் பெயர் இருந்தது: புராஸ்டேட். படித்து வாங்கிய பட்டம் மாதிரி அதைச் சொல்வார். அதற்குத் தனி டாக்டர், வேளை தவறாத மாத்திரை, படுக்கையறையை ஒட்டிப் புதிதாக ஒரு கழிவறை. கடையில் விலை பேசும்போதே, "ஒரு நிமிஷம், புராஸ்டேட்" என்று எழுந்து போவார். வாடிக்கையாளர்கள் மரியாதையாக வழிவிடுவார்கள். அவளுடையதற்கு அந்த வீட்டில் இருந்த ஒரே பெயர், "கருமம்."

மகள்தான் பொறுக்கமாட்டாமல் போன வாரம் அவளை ஒரு லேடி டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். டாக்டர் முகம் சுளிக்கவில்லை.

"தண்ணியக் குறைக்காதீங்க, சிறுநீர் கெட்டியானா பை இன்னும் உறுத்தும். டீ காபியக் குறைங்க. அடக்கறப்ப இறுக்குவீங்கல்ல, அந்தத் தசைய இறுக்கி, பிடிச்சு, மெதுவா விடுங்க. தினமும் செய்யணும், பலன் தெரிய சில மாசம் ஆகும். முட்டிக்கிட்டு ஓடுற அவசரத்துக்குத்தான் மாத்திரை. உங்களுக்குத் தும்மினா சிந்தறதுதானே, அதுக்குப் பயிற்சிதான் மருந்து. அதுவரைக்கும் பேடு வச்சுக்கிட்டு தைரியமா நடமாடுங்க. பிள்ளை பெத்தவங்க நிறைய பேருக்கு வர்றதும்மா இது."

அன்று முதல் அவள் அடுப்பில் கிளறும்போது இறுக்கினாள். நாத்தனார் திட்டும்போது பிடித்துவைத்தாள். திட்டி முடித்துப் போனதும் விட்டாள். எதிரி முன்னாலேயே எதிரிக்குத் தெரியாமல் செய்யக்கூடிய உடற்பயிற்சி உலகத்தில் அது ஒன்றுதான்.

சொன்னபடி சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா வந்து சோபாவில் உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பொண்ணோட அம்மா எங்க?"

"அண்ணிக்கு உடம்பு முடியலைங்க," என்றாள் நாத்தனார்.

கடையின் பெருமையைப் பாதியில் விட்டு முதலாளி எழுந்தார். "ஒரு நிமிஷம்..." என்று உள்ளே ஓடினார்.

"அண்ணனுக்கு புராஸ்டேட்," நாத்தனாரின் குரலில் குடும்பப் பெருமை. "பெரிய டாக்டர்தான் பாக்கறாரு."

"அடடா, பாவம்!" என்றாள் வந்தவள்.

கதவிடுக்கில் நின்றவளுக்கு அந்த 'பாவம்' சுருக்கென்று தைத்தது. நேராகக் கூடத்துக்கு வந்து, வந்தவளின் பக்கத்திலேயே சோபாவில் உட்கார்ந்தாள்.

"அண்ணி, உள்ள போங்க!"

"நான்தாங்க பொண்ணோட அம்மா. எனக்கும் அதே கஷ்டந்தான். தும்மினா சிந்தும். அதனால என்னை உள்ள வச்சிருக்காங்க."

நாத்தனாருக்கு முகம் செத்துவிட்டது. சம்பந்தம் கைநழுவிப் போனது என்றே நினைத்தாள். வந்தவளோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "சிரிக்க வைக்காதீங்க சம்பந்தி, எனக்குச் சிரிச்சாலே ஆபத்து! எந்த டாக்டர்ட்ட காட்டறீங்க?"

உள்ளேயிருந்து வந்த முதலாளி அப்படியே நின்றார். "நாலு பேர் முன்னால பேசற பேச்சாடி இது?"

"மூணு பிள்ளைக்கு அப்பான்னு நாலு பேர் முன்னாலதானே சொல்லிக்கறீங்க?" என்றாள் அவள், எழுந்திருக்காமல். "அந்த மூணைப் பெத்துத்தான் எனக்கு இது வந்துச்சு."

ஊரையே விலை பேசி மடக்குகிற மனிதர், "ஒரு நிமிஷம், புராஸ்டேட்" என்று மறுபடி உள்ளே போனார். கணக்கு அப்படி: பிள்ளைகள் மூன்று, வரவு அவர் பெயரில். பெற்றுத் தளர்ந்த தசை, செலவு அவள் பெயரில். அவர் தரவேண்டிய பாக்கி நிற்கிறது, இன்றுவரை.