வெளித்தாழ்ப்பாள்

தகரக் கதவில் உள்ளங்கை அறைகிற சத்தம், விட்டு விட்டு, பிறகு விடாமல், கேசரித் தட்டோடு கூடத்துக்குள் கால் வைத்த சண்முகவடிவுக்கு அது யார் கை என்று தெரிந்தது, அவள் மகன் கதிரேசனின் கை, பதின்மூன்று வயதாகியும் பேச்சு வராத பிள்ளைக்குக் கைதான் வாய், கூடத்திலோ கோமதியைப் பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், மாப்பிள்ளையின் அம்மா கொல்லைப்பக்கம் தலையைத் திருப்பி என்ன சத்தம் என்று கேட்கிறாள், கோமதியைப் பெற்றவள், வடிவுக்குக் கணவனின் அண்ணன் மனைவி, ராஜேஸ்வரி, முகம் மாறாமல் சொல்கிறாள், பக்கத்து வீட்ல கொத்தனார் வேல நடக்கு.

கொத்தனார் வேலை. தட்டைப் பிடித்தபடி வடிவு நிற்கிறாள். பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல், இது இப்படித்தான் இருக்கும், அடுத்த பிள்ளைக்குப் பாருங்க என்ற பாளையங்கோட்டை டாக்டர், மற்றப் பிள்ளைகள் படிப்பு கெடுகிறது என்று தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தனி பெஞ்சு போட்ட வாத்தியார், கடவுளோட பிள்ளைம்மா இது என்று உருகிவிட்டு எழுந்து வேறு சீட்டுக்குப் போன, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள், அத்தனை பேர் முன்னாலும் விழுங்கியது எதுவும் செரிக்கவில்லை, எல்லாம் நெஞ்சுக்குள் அப்படியே கிடந்திருக்கிறது, காலையில் ராஜேஸ்வரி வந்து, அவுக போற வரைக்கும் பையன் கண்ணுல படவேண்டாம் என்றபோதும் விழுங்கினாள், குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, உள்ளறையில் அவனுக்குப் பிடித்த பாட்டில் மூடிகளைப் பரப்பி, கணவன் இசக்கிமுத்துவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போனாள், இப்போது பார்த்தால் அந்த மனிதர் கூடத்து நாற்காலியில் தலையைக் குனிந்து வேட்டிக் கரையைத் தடவிக்கொண்டிருக்கிறார், பிள்ளை கொல்லைக் குளியலறையில் கிடந்து கதவை அறைகிறான்.

தட்டைக் கீழே வைத்தாள். கொத்தனார் இல்ல, அது எம்மவன் என்றாள், சத்தமாகக்கூட இல்லை, ராஜேஸ்வரி கையைப் பிடிக்க வந்ததை உதறிவிட்டுக் கொல்லைக்குப் போய்க் குளியலறையின் வெளித்தாழ்ப்பாளை இழுத்தாள், உள்ளே இருட்டு, ஈரம், தானே கடித்ததில் முன்கையில் பல் பதிந்து ரத்தம் கன்றிப்போய், கால்சட்டை நனைந்து நின்றவன் அவள் முந்தானையைத் தேடித் தேடிப் பிடிக்கிறான், அழுகைகூட வராமல் மூச்சு மட்டும் விக்குகிறது, அவனை அங்கேயே கழுவி, வேறு உடுப்பு மாற்றி, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள், மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நேர் எதிரே உட்கார வைத்தாள், கேசரிக் கிண்ணத்தையும் கரண்டியையும் கையில் கொடுத்தாள். அவன் தின்னும் சத்தம் மட்டும்தான். ஒங்க குடும்பத்துல வேற ஆருக்கும் இப்படி இருக்கா என்று அந்த அம்மா கேட்டாள். வடிவு அவளை நேராகப் பார்த்து, பேரு கதிரேசன், கோமதிக்குத் தம்பி என்றாள். பட்டுச் சேலையில் பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்த கோமதி எழுந்து வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தாடையில் ஒழுகியதைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

வந்தவர்கள் காபிகூடக் குடிக்காமல் போனார்கள். கார் தெருமுனை திரும்பியதும் ராஜேஸ்வரி தலையில் அடித்துக்கொண்டாள், எம்மவ வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே. எம் பிள்ளைய நாயடைக்கிற மாதிரி அடைச்சீங்களேக்கா, ஒங்களுக்கு மனசு வந்துதே என்றாள் வடிவு, அதற்கு ராஜேஸ்வரி அழுகையை நிறுத்தி அவளை வெறித்துப் பார்த்தாள், நான் கண்ணுல படவேண்டாம்னுதான் சொன்னேன், அடைக்கச் சொல்லல, ஒம் புருசன்ட்ட கேளு.

வடிவு திரும்பினாள். இசக்கிமுத்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார், கத்த ஆரம்பிச்சுட்டான் வடிவு, கொஞ்ச நேரந்தானன்னு நெனச்சேன். அவள் அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், இந்தக் கைகள்தான், மில்லிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்து, கரண்டியில் சோற்றை எடுத்து, வாய்க்குக் கொண்டுபோய், தினமும், தினமும், கரண்டி பறக்கும், சோறு சுவரில் அப்பும், மறுபடி, ஒருநாள் பிடித்த கையை அவர் மெதுவாக விட்டுப் பார்க்க, கரண்டி தானாக வாய்க்குப் போனது, இந்த மனிதர் சுவரில் சாய்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், ஊரே எதிரே நின்றாலும் இவர் இந்தப் பக்கம் நிற்பார் என்று அன்றைக்கு நம்பினாளே, அந்தக் கையா, அதே கையா, டாக்டரிடமும் வாத்தியாரிடமும் விழுங்கியதெல்லாம் தொண்டைக்கு ஏறி வருகிறது, கத்தினால் நிறுத்த முடியாது என்று தெரிகிறது, அவள் கத்தவில்லை.

ஸ்குரூடிரைவர எடுத்துட்டு வாங்க.

எடுத்துவந்து அவளிடம் நீட்டினார், அவள் வாங்கவில்லை, அடைச்ச கையே கழட்டட்டும் என்றாள். கொல்லையில் வெயில் ஏறியிருந்தது, குளியலறைத் தாழ்ப்பாளின் துருப்பிடித்த திருகு எளிதில் அசையவில்லை, ஸ்குரூடிரைவர் வழுக்கி விரலைக் கிழித்தது, அவர் வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி முட்டிபோட்டார், வடிவு துணிகூட எடுத்துக் கொடுக்காமல் பிள்ளையை அணைத்தபடி நின்றாள், கதிரேசன் அப்பாவின் முதுகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான், பயமில்லாமல், அடைத்தது யாரென்று அவனுக்குத் தெரியாதா, தெரிந்தும்தானா, அந்தத் தொடுதலைப் பார்க்க முடியாமல் அவள் சுவரைப் பார்த்தாள். கடைசியில் தாழ்ப்பாள் பெயர்ந்து தரையில் விழுந்தது. இசக்கிமுத்து நிமிர்ந்து, கண் கலங்கியிருக்க, போதுமா வடிவு என்றார்.

உள்ளறைக் கதவுலயும் வெளிப்பக்கம் ஒண்ணு இருக்கு என்றாள் அவள்.