படகு வெளியே, வலை உள்ளே

கடலில் அரசாங்கம் கோடு போட்டபோது ஊரே சிரித்தது. நீர்மேல் எழுத்து என்று கேலி பேசினார்கள். காவல் படகு வந்து நாலு பேரின் லைசென்ஸைப் பிடுங்கியதும் சிரிப்பு நின்றது. கோட்டுக்கு உள்ளே வலை போடக் கூடாது, அங்கே மீன் பெருகும், பெருகினால் தானாக வெளியே வரும், அதுவரை பொறுங்கள் என்றார் அதிகாரி. வயிறு பொறுக்குமா? ஒவ்வொருவராக லைசென்ஸைப் பெரிய மீன் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கரையேறினார்கள். என் தம்பி மட்டும் விற்கவில்லை. கோட்டோரமே கண்கொட்டாமல் கிடந்ததால் அவனுக்குக் 'கோட்டான்' என்று பெயர் வைத்தார்கள். கம்பெனி ஷெட்டில் மீன் தரம் பிரிக்கும் கூலியில் நான்தான் இரண்டு வீட்டுக்கும் உலை வைத்தேன்.

மீன் வந்தது. அதிகாரி பொய் சொல்லவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம். முன்பு கையளவு இருந்த மீன் முழ நீளத்துக்கு வந்தது. மோப்பம் பிடித்துக் கம்பெனிப் படகுகளும் வந்தன. கோடு நெடுக வலையோடு வலை சேர்த்து மதில் கட்டிவிட்டன. கோட்டான் கிடைத்த சந்தில் வலை விட்டான். நீரோட்டம் உள்பக்கம் திரும்பியது அவனுக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஆசையில் இருந்துவிட்டான். படகு வெளியே, வலை உள்ளே. காவல் படகு நேராக அவனைப் பார்த்து வந்தது. பிடிபட்டால் லைசென்ஸ் போகும். வலையை அறுத்து விட்டுவிட்டான்.

"வலை போனா போகுதுக்கா. லைசென்ஸ் தப்பிச்சுது."

"லைசென்ஸை விரிச்சா மீன் புடிக்கப் போற?"

இன்னொரு வலைக்கு வழியில்லை. என் வளையல் ஏற்கெனவே இன்ஜினுக்குள் போயிருந்தது. கடைசியில் விற்கத்தான் அவனோடு கம்பெனி ஆபீசுக்குப் போனேன், அடிமாட்டு விலைக்குக் கேட்டால் சண்டை போடலாம் என்று. என் வாய்க்கு ஏலக்காரர்களே பயப்படுவார்கள்.

மேனேஜர் நாங்கள் நினைத்ததற்கு மேலேயே விலை சொன்னார். மீன்தான் வந்துவிட்டதே.

"படகு வேண்டாம். லைசென்ஸ் மட்டும் போதும்."

தம்பி கையெழுத்துப் போட்டான். போட்ட பிறகும் எழுந்திருக்கவில்லை.

"சார், ஆளு வேணுமா? அந்தக் கோட்டோரம் எனக்கு அத்துப்படி."

"இருக்கிற ஆளே அதிகம்பா."

படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப எங்கக்கா போறது?"

இவ்வளவு பெரிய வாய்க்காரி நான். "வீட்டுக்கு வாடா" என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் வரவில்லை.