கூரை அறுத்த கார்

எழுபத்தொன்பதில், செமோர்ப் பக்கத்துத் தோட்டத்துத் துரை சீமைக்குக் கிளம்பியபோது விற்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரை ஜெயபாலன் வாங்கினார். ஈப்போவில் இன்சூரன்ஸ் ஏஜெண்டாக இருந்தவர். காருக்குள் உட்கார்ந்தால் தன் முகம் ஊருக்குத் தெரியவில்லை என்பதுதான் அவருக்கு ஒரே குறை. கூரையை அறுத்தெறியச் சொன்னார். பட்டறை ராமையா மறுபேச்சில்லாமல் அறுத்துப் போட்டார்.

முடி பறக்க, மனைவி வீரம்மாவோடு சுங்கை சிப்புட் கோயில் திருவிழாவுக்குப் போனார். வழியில் தண்டவாளத்தில் ஏறி இறங்கியபோது அடியில் ‘மடக்’ என்றது. இழுத்துப் பிடிக்கக் கூரை இல்லாத கார் நடுவில் தொய்ந்துவிட்டது. கோயில் வாசலில் பார்த்தால் இரண்டு கதவுகளும் இறுகிக் கிடந்தன. ஜெயபாலன் சிரித்த முகத்தோடு எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே முழங்கையால் கதவை இடித்தார். அசையவில்லை. கூட்டம் சேர்ந்துவிட்டது.

“இந்த வருசம் ரெண்டு தேரா?” என்று யாரோ கேட்டார்கள்.

வீரம்மாவை இரண்டு பெண்கள் தூக்கி இறக்கினார்கள். ஜெயபாலன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாண்டிக் குதித்தார்.

மறுநாள் பட்டறையில் ராமையா தைரியம் சொன்னார்: “கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் கெட்டி இரும்பு வச்சு வெல்டிங்ல ஒட்டிடலாம்ண்ணே. யானை ஏறினாலும் வளையாது லா.”

“இப்பவே ஒட்டுங்க!”

வீரம்மா குனிந்து பார்த்தாள். “ஏங்க, தொங்குனது தொங்குனபடியேவா? ஒடஞ்ச கைய நேராக்கிட்டுத்தானே கட்டுப் போடுவாங்க? மொதல்ல நடுவுல ஜாக்கி வச்சுத் தூக்குங்க.”

ஆண்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

“இது கார், கை இல்ல. நீ பேசாம இரு,” என்றார் ஜெயபாலன்.

ராமையா வாக்குத் தவறவில்லை. அதற்குப் பிறகு கார் வளையவே இல்லை. ஆனால் வளைந்தது நிமிரவும் இல்லை. கோணல் இரும்போடு இரும்பாக ஒட்டிப்போனது. கதவுகள் மூடியது மூடியதுதான்.

“வெளிநாட்டு ரேஸ் காரெல்லாம் இப்படித்தான் லா. ஏறித்தான் குதிக்கணும்,” என்று காப்பிக்கடையில் விளக்கம் சொன்னார் ஜெயபாலன். விபத்துக்கு முன்ஜாக்கிரதை வேண்டும் என்று பாலிசி விற்கப் போன ஒரு வீட்டு வாசலில் அப்படிக் குதித்தபோதுதான் காற்சட்டை பின்பக்கம் கிழிந்தது. ஃபைலால் மறைத்துக்கொண்டே பேசி முடித்தார். அவர்கள் பாலிசி எடுக்கவில்லை.

வீரம்மா அந்தக் காரில் மறுபடி ஏறவில்லை, பஸ்ஸில் போனாள். ஒரு நாள் சரியான மழை. பஸ்ஸுக்கு முன்னால் கூரையில்லாத காரில் தொப்பலாக நனைந்தபடி, தலை நிமிர்ந்து ஒருவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“அக்கா, அது உங்க வீட்டுக்காரர்தானே?” என்றார் கண்டக்டர்.

“யாரு? தெரியலையே தம்பி,” என்று சொல்லிவிட்டு, வீரம்மா ஜன்னலை இழுத்து மூடினாள்.