இரண்டு டம்ளர் தண்ணீர்

மணியை ஒரே ஒரு தடவைதான் அடிக்க வேண்டும். அடித்துவிட்டு இரண்டடி பின்னால் தள்ளி நிற்க வேண்டும். கதவு திறந்ததும் முதலில் சிரிப்பு, அப்புறம் வணக்கம், பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். செருப்பை ஓரமாக ஜோடி சேர்த்து விட வேண்டும். இதெல்லாம் பிரேமலதாவுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். என்ன பிரயோஜனம்? உத்தர வீதியில் அந்த வீட்டு வாசலில் நின்றபோது மணிக்கு நீட்டின கையை இரண்டு தடவை பின்னால் இழுத்துக்கொண்டாள். காரணம், பின்னால் நின்ற பாக்கியநாதன் சார். தண்ணீர் சுத்தம் செய்யும் மிஷின் விற்கிற கம்பெனியில் அவளுக்கு மேலே இருப்பவர். சேர்ந்து மூன்று வாரம் ஆகியும் அவள் ஒரு மிஷின்கூட விற்றபாடில்லை.

"இன்னைக்கு நானே கூட வரேன். இந்த வீட்டுல ஆர்டர் விழலைன்னா கழுத்துல இருக்குற கார்டைக் கழட்டிக் குடுத்துட்டுக் கெளம்பிடுங்க" என்று பைக்கை நிறுத்தும்போதே சொல்லியிருந்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மனுஷன் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எடமலைப்பட்டி புதூரில் அவள் வீட்டுக்காரர் முதுகில் அடிபட்டுப் படுத்து ஆறு மாதம் ஆகிறது. ஊரெல்லாம் ஏறி இறங்கிக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கின வேலை இது. போனால் அடுத்து எந்தப் படி ஏறுவது?

கதவைத் திறந்தவள் சுபஸ்ரீ. நோட்டீஸைப் பார்த்துவிட்டு அவளேதான் நேற்று போன் செய்து வரச் சொல்லியிருந்தாள். நிறைமாதத்துக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி என்று பார்த்ததுமே தெரிந்தது.

"உள்ள வாங்கோ. வெயில்ல வந்திருக்கேள், ஃபேனுக்கு அடியில உக்காருங்கோ."

பிரேமலதா சிரித்தாள். வணக்கம் சொன்னாள். எல்லாம் பாடத்தில் உள்ளபடியே நடந்தது. பையிலிருந்து இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்து மேஜையில் வைத்தாள். ஒன்றில் வீட்டுக் குழாய்த் தண்ணீர். மற்றதில் பாட்டிலில் கொண்டுவந்த மிஷின் தண்ணீர். நான்கு கம்பிகள் துருத்திக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டியை, இரண்டிரண்டு கம்பி ஒவ்வொரு டம்ளரிலும் முங்கும்படி வைத்து, சுவிட்சைப் போட்டாள்.

மிஷின் தண்ணீர் அப்படியே பளிச்சென்று இருந்தது. குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் சாக்கடையாகவே ஆகிவிட்டது.

முதல் நாள் பயிற்சியில் இதைப் பார்த்துவிட்டு, பிரேமலதா வீட்டுக்கு ஓடிப்போய்ப் பானைத் தண்ணீரை மொத்தமாகக் கீழே கொட்டினவள். மறுநாள் பாக்கியநாதன் சார் விழுந்து விழுந்து சிரித்தார். "அது இரும்புக் கம்பிம்மா. உப்பு இருக்குற எந்தத் தண்ணியில கரண்டு விட்டாலும் கம்பி துருப்புடிச்சு இப்புடித்தான் ஆவும். நல்ல தண்ணிக்கும் இதே கதிதான். நம்ம தண்ணியில உப்பே கெடையாது, அதான் கலங்கல." அன்றிலிருந்து இந்தப் பெட்டியைத் தொடும்போதெல்லாம் அவளுக்குக் கை கூசும்.

சுபஸ்ரீ அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இந்த ஜலத்தையா நான் இத்தன நாளா குடிச்சிண்டிருக்கேன்?"

அவள் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை தங்கலை. எதனாலன்னு எந்த டாக்டருக்கும் சொல்லத் தெரியல. இதனாலதானா? நானே குடிச்சுக் குடிச்சு..."

அடிப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று பிரேமலதாவின் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"தண்ணியாலதாங்க மேடம் பாதி வியாதி வருது" என்றார் பாக்கியநாதன், குரலைக் குழைத்து. "ஆனது ஆயிப்போச்சு. இனிமே பொறக்கப்போற கொழந்தையப் பாருங்க." ஆர்டர் புத்தகத்தைத் திறந்து, பேனாவைப் பிரேமலதாவின் பக்கம் தள்ளினார்.

ஆர்டர் விழுந்துவிட்டது. பெயரை எழுத வேண்டியதுதான் பாக்கி. பேனாவை எடுத்தாள். கண் முன்னால் கட்டிலில் கிடக்கிற வீட்டுக்காரர் வந்தார். இந்தப் பெண்ணோ இன்று ராத்திரி தூங்க மாட்டாள். நாளைக்கும் தூங்க மாட்டாள். பிறந்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டும் போன இரண்டையும் நானே கொன்றேன் என்று அழுவாள்.

பேனாவைக் கீழே வைத்தாள்.

"அக்கா, ஒரு சிட்டிகை உப்பு தரீங்களா?"

சுபஸ்ரீ ஒன்றும் புரியாமல் அடுக்களைக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் பாக்கியநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு, "புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? வீட்டுல ஒரு ஆளு படுத்திருக்குறத மறந்துடாத" என்றார். இதுவரை வாங்க போங்க என்று பேசின வாய் அது. பிரேமலதா கழுத்துக் கார்டைக் கழற்றி அவர் பக்கத்தில் வைத்தாள்.

உப்பு வந்தது. அதை மிஷின் தண்ணீரில் போட்டு ஸ்பூனால் கலக்கினாள். ஸ்பூன் டம்ளரில் பட்டுக் கடகடவென்று சத்தம் போட்டது. மறுபடியும் கம்பிகளை வைத்து சுவிட்சைப் போட்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. கலங்காமலே போய்விட்டால்? வேலையும் போய், இவள் பயமும் போகாமல்! சுபஸ்ரீ வயிற்றில் வைத்த கையை எடுக்காமல் குனிந்து பார்த்தாள்.

கம்பியிலிருந்து மெல்லிய நூலாகப் பழுப்பு நிறம் கீழே இறங்கியது. ஒரு நூல், இரண்டு நூல், அப்புறம் கலங்கல். கொஞ்ச நேரத்தில் இரண்டு டம்ளரில் எது வீட்டுத் தண்ணீர், எது மிஷின் தண்ணீர் என்று தெரியாமல் போயிற்று.