கொசுக்கள் ஒதுக்கிவைத்த வீடு

1987ஆம் வருஷம் ஆடி மாதம் பதினான்காம் தேதி, வியாழக்கிழமை, சாயங்காலம் ஆறரை மணியோடு ராஜவேலுவின் வீட்டுக்குள் கொசு வருவது நின்றுபோனது. சுண்ணாம்புமேட்டைத் தெரியாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். ஆம்பூருக்கு மேற்கே மூன்று மைல் தள்ளி, பாலாற்றை ஒட்டி, தோல் பதனிடும் ஏழு ஷாப்புகளின் கழிவுநீர் வந்து தேங்கும் பள்ளத்தைச் சுற்றி முளைத்த ஊர் அது. பொழுது சாய்ந்தால் அங்கே பேசுகிறவர்கள் வாயைப் பாதிதான் திறப்பார்கள். எருமைகள் முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பெண் பார்க்க வந்த கலவை ஊர்க்காரர்கள் பஜ்ஜியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிப்போய், பெண் பிடித்திருக்கிறது என்று மறுநாள் கார்டு எழுதினார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டு வாசல் வரைக்கும் வந்த கொசுக்கூட்டம், யாரோ தடுத்த மாதிரி நின்று, இரண்டாகப் பிரிந்து, பக்கத்து வீடுகளுக்குப் போனது. அதை முதலில் பார்த்தவள் ராஜவேலுவின் மனைவி சந்திரா. அன்றைக்கு அவளுக்கு அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை.

அன்று காலையில்தான் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் அவர்கள் இரண்டு பேரையும் தனி அறைக்குக் கூப்பிட்டு ஒரு லேடி டாக்டர் விஷயத்தைச் சொல்லியிருந்தார். ராஜவேலு தோல் ஷாப்பில், தோலைப் போட்டுச் சுழற்றும் ட்ரம் ஓட்டுகிறவன். அதற்கு முன் நாலு வருஷம் பம்பாயில், தாராவியில், இதே வேலை. அங்கிருந்து வரும்போது ஒரு டிரான்சிஸ்டரும், ஒரு வாட்ச்சும், அரைகுறை இந்தியும் கொண்டுவந்தான். நாலாவதாக ஒன்று கூடவே வந்தது அவனுக்கே தெரியாது. ஷாப்பில் கூட வேலை செய்யும் கனகராஜுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போனான். அந்த ரத்தத்தைச் சோதித்தபோதுதான் எய்ட்ஸ் கிருமி தெரிந்தது. தொட்டால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது, கொசு கடித்தால்கூட வராது என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சந்திராவின் ரத்தத்திலும் பார்த்தார்கள், அவளுக்கு இல்லை. வேலூரிலிருந்து ஆம்பூருக்கு பஸ்ஸில் வந்தார்கள். இறங்கின பிறகு அவள், "தாராவில நீ தோலு மட்டுந்தான் பாத்துனு இருந்தேன்னு நெனச்சேன்" என்றாள். அதன் பிறகு நாற்பது நாள் அவனைத் திட்டுவதற்கு மட்டும் வாயைத் திறந்தாள். நாற்பத்தோராம் நாள் அவளுக்கே அலுத்துப்போய், அவனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

விஷயம் ஊருக்குத் தெரிந்தது கனகராஜ் மூலமாக. ராஜவேலுவின் ரத்தத்தைத் தனக்கு ஏன் ஏற்றவில்லை என்று ஆஸ்பத்திரியில் விசாரித்துத் தெரிந்துகொண்டான். வயிற்றுத் தையல் பிரிப்பதற்கு முன்னாலேயே, வலி தாங்கிக்கொண்டு டீக்கடை வரைக்கும் நடந்துபோய்ச் சொல்லிவிட்டு வந்தான். அன்றிலிருந்து டீக்கடையில் ராஜவேலுவுக்குக் கொட்டாங்குச்சி. ஒரு வாரம் கழித்து அதுவும் இல்லை. முடிவெட்டுகிறவர் கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்தார். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்த சந்திராவை, ஓய்வெடுத்துக்கொள்ளும்மா என்று அன்பாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர்கள் வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை. டவுன் பஞ்சாயத்தின் சானிட்டரி இன்ஸ்பெக்டர் வேதாசலம் தினமும் காலையில் வந்து வீட்டைச் சுற்றி பிளீச்சிங் பவுடரால் வட்டம் போட்டார். மனிதர் எதிலும் ஒழுங்கு பார்ப்பவர், வட்டம் ஒரு நாளும் கோணாது. ஒருநாள் வட்டம் போட்டுக்கொண்டே, ஏதாவது ஆகிவிட்டால் குப்பை டிராக்டரில்தான் எடுத்துப்போய் ஊருக்கு வெளியே ஆழமாகக் குழி தோண்ட வேண்டியிருக்கும், ஊர்வலமெல்லாம் கிடையாது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சாவைப் பற்றி அதுவரை கலங்காத ராஜவேலு இதைக் கேட்டு இடிந்துபோனான். அவன் அந்தத் தெருவிலேயே உயரமானவன். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பாடையின் முன்பக்க வலது மூலை அவனுடையது. சண்டைக்காரன் வீட்டுப் பிணத்துக்கும் தோள் கொடுத்தவன். கனகராஜின் அப்பாவையும் அவன்தான் சுமந்தான். "எனுக்கு மருந்து வேணாம், மாத்திர வேணாம். நாலு பேர் வேணும் சந்திரா. குப்ப வண்டில நான் போவமாட்டேன்" என்றான். அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த நிமிஷமே ஊர் மேல் திரும்பியது. சரி என்று மட்டும் சொன்னாள். எங்கிருந்து நாலு பேரைக் கொண்டுவருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

புரட்டாசிக்குள் கொசு விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஊரே புகை மூட்டத்தில் இருமிக்கொண்டிருக்க, ஒரு வீடு மட்டும் கதவு திறந்து, விளக்கெரிந்து, ஆனந்தமாக இருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம் போட்டார்கள். கொசு கடித்தால் இந்த நோய் எல்லோருக்கும் பரவும், அவனைக் காட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு கட்சி. கொசுவே பயப்படுகிற நோய் என்றால் அதன் பக்கத்தில் நாம் இருக்கலாமா என்று இன்னொரு கட்சி. இரண்டும் ஒரே முடிவுக்குத்தான் வந்தன, ஆனாலும் விடியும்வரை சண்டை போட்டார்கள். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கும் ஒருவரின் மச்சான், அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களைத் தீவில் விட்டுவிடுகிறார்கள் என்று எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார்கள். பாலாற்றில் தீவு இல்லாததால் அந்த யோசனை கைவிடப்பட்டது. வேலூரிலிருந்து அதே லேடி டாக்டரை வரவழைத்தார்கள். படமெல்லாம் காட்டி, இரண்டு மணி நேரம், கொசுவால் பரவவே பரவாது என்று விளக்கினார். கடைசியில் ஒருவர் எழுந்து, "பரவாதுன்னா கொசு ஏன் மேடம் பயப்படுது?" என்று கேட்டார். டாக்டர் முதல் படத்தை மறுபடி எடுத்து விரித்தார். இது டாக்டர் வேலை இல்லை, ஷபீ பாயைக் கூப்பிடுங்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

ஷபீ அஹமது தோல் செலக்டர். வந்து குவியும் தோல்களைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிப்பது அவர் வேலை. உண்ணி கடித்த புள்ளி, ஈ முட்டையிட்ட துளை, பூச்சி அரித்த தடம் எதுவானாலும் அவர் கட்டைவிரலுக்குத் தப்பாது. கடி ஜாஸ்தி இருந்தால் ரிஜெக்ட், கம்மியாக இருந்தால் செகண்ட்ஸ், ஒரு கடியும் இல்லையென்றால் ஃபர்ஸ்ட். டாக்டர் சொன்னால் இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்கும் ஊர் அது. ஷபீ பாய் சொன்னால் அத்தோடு பேச்சு முடிந்தது. மனிதத் தோலையும் மாட்டுத் தோலையும் ஒரே கண்ணால் பார்க்கும் இந்தத் தப்பைச் சுண்ணாம்புமேட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. 1988 மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து அவர் வந்தார். ராஜவேலுவை ஷாப்பின் வடக்கு ஜன்னலோரம் தரம் பார்க்கும் மேஜைமேல் சட்டையில்லாமல் உட்காரவைத்தார்கள். பிடரியிலிருந்து இடுப்பு வரை பாயின் கட்டைவிரல் மெதுவாக இறங்கியது. விலாவைக் கிள்ளி இழுத்து விட்டார், முழங்கையை மடக்கிப் பார்த்தார். ஏழு மாதமாக மனிதக் கை படாத முதுகு சிலிர்த்துக்கொண்டதைச் சந்திரா பார்த்தாள்.

"இருவத்தெட்டு வருஷமா கை வெச்சுனு இருக்கேன். ஒரு பூச்சிக் கடி கிடையாது. இந்த மாதிரி சாமான் இந்த ஷாப்புக்கு வந்ததே இல்ல. ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்" என்றார் பாய்.

வேதாசலத்துக்கு வயிற்றெரிச்சல். "பாய், வியாதி உள்ள இருக்குது."

"உள்ள நான் பாக்கறதில்ல சார். உள்ள பாத்தா இந்த ஊர்ல எவன் பாஸாவான்?"

நீலச் சாக்பீஸால் ராஜவேலுவின் தோளில் ஒரு டிக் போட்டார். பிறகு வீட்டுக்கு வந்து, "பேஜாரா கீதும்மா, தண்ணி குடு" என்று சந்திராவிடம் வாங்கி, ஊர் பார்க்க, தொண்டைக்குழி ஏறி இறங்கக் குடித்தார். அந்த டிக் அழியக் கூடாதென்று ராஜவேலு எட்டு நாள் குளிக்கவில்லை. பஞ்சாயத்து, கொசு ராஜவேலுவைக் கடிப்பதில்லை, ஆகவே கொசுவால் இந்த நோய் பரவாது என்று தீர்மானம் போட்டது. படித்தவர்கள் இரண்டு மணி நேரம் சொன்ன அதே உண்மைதான். தப்பான சந்து வழியாக வந்ததால் சீக்கிரம் வந்து சேர்ந்தது.

முதலில் கோரைப்பாயும் தலையணையுமாக வந்து நின்றவன் கனகராஜ். குழந்தைக்குக் கொசு கடித்து உடம்பெல்லாம் தடிப்பு, ஒரு ராத்திரி மட்டும் படுத்துக்கொள்கிறோம் அண்ணி என்றான். "ஊரெல்லாம் சொல்லினு வந்தியே, வாய் வலிக்கலியா ஒனுக்கு?" என்று கேட்டாள் சந்திரா. குழந்தையைப் பார்த்தாள். உள்ளே போய் ராஜவேலு குடிக்கும் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். இதைக் குடித்துவிட்டு உள்ளே போ என்றாள். கனகராஜ் டம்ளரைப் பார்த்தான், காதோரம் ரீங்காரமிட்ட கொசுக்களைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டு குடித்தான். அதற்குப் பின் அந்த வீட்டுக்கு அதுவே நுழைவுச் சீட்டு. இரண்டு மாதத்தில் அறுபது பேர். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள், பச்சைக்குழந்தைக்காரிகள், ஷிஃப்ட் முடிந்தவர்கள், எல்லோரும் அடுக்கிய தோல் மாதிரி நெருக்கியடித்துப் படுத்தார்கள். அத்தனை பேரும் அந்த டம்ளரில் குடித்தார்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்காரனுக்கு இடமில்லாமல் ராஜவேலு வாசற்படியில் சாய்ந்து உட்கார்ந்து தூங்கினான். இவ்வளவு சந்தோஷமாக அவனைக் கல்யாணத்தன்றுகூட அவள் பார்த்ததில்லை.

ஆனால் உடம்பு உடம்பின் கணக்குப்படி போனது. 1989 கோடையில் இருமல் வந்து நிலைத்தது. ஐப்பசியில் ஆறடி மனிதன் அவள் ஒருத்தியே தூக்கி உட்காரவைக்கிற அளவுக்கு ஆகிவிட்டான். நாலு பேர் வருவார்களா என்று கேட்டான். "படுக்க எடம் புடிக்கவே அறுவது பேரு வர்றான், தூக்க வரமாட்டானா?" என்றாள். சொன்னாளே தவிர, பயம் அவளைத் தின்றது. அடைமழை விட்ட ஒரு காலையில் அவன் போய்ச் சேர்ந்தான்.

வேதாசலம் ஒரு மூட்டை பவுடரோடும் குப்பை டிராக்டரோடும் வந்தார். அறுபது பேரும் வந்தார்கள். வந்து, இருபதடி தள்ளி நின்றார்கள். பாடை வாசலில் இருந்தது. ஒரு கால்கூட முன்னால் வரவில்லை. சந்திரா ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். பிறகு பிணத்தின் பக்கத்திலிருந்து எழுந்து, "தண்ணி குடிச்ச வாய் எல்லாம் இங்கதானடா நிக்குது" என்றாள். கத்தவில்லை. ஷபீ பாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ராஜவேலுவின் கன்னத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். "இது குப்ப வண்டில ஏத்தற சாமான் இல்ல சார்" என்று பின்பக்க மூலையைப் பிடித்தார். அடுத்து கனகராஜ் தலையைக் குனிந்துகொண்டு வந்து, முன்பக்க வலது மூலையில் நின்றான். மூன்றாவதாக யாரும் வரவில்லை. சந்திரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் புருஷனுக்குத் தானே தோள் கொடுத்தாள். பெண் பிள்ளை பாடை தூக்குவதா என்று கூட்டம் முணுமுணுக்க, மூன்று மூலை உயர்ந்து நாலாவது மூலை தொங்கியது. கோணலாக எதையும் பார்த்துச் சகிக்க முடியாத வேதாசலம், "பாத்து, பாத்து, சாயுது" என்று ஓடிவந்து நாலாவது மூலையைத் தூக்கிவிட்டார். தூக்கின பிறகு இறக்க வழியில்லை.

அவர்கள் இருந்த மூன்றாவது தெருவின் முனை தாண்டும்போதுதான் கவனித்தார்கள். மழைக்கால மேகமாகக் கவிந்திருந்த கொசுக்கள் பாடைக்கு முன்னால் விலகிப்போயின, பாடை கடந்த இடத்துக்குத் திரும்பி வரவில்லை. நாலாவது தெருக்காரர்கள் ஓடிவந்து வழி மறித்தார்கள், எங்கள் தெரு வழியாகப் போங்கள் என்று. ஐந்தாவது தெரு ஏன், நாங்கள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டது. பிறகு தோளுக்குப் பஞ்சமில்லை. தோள் மாற்றத் தள்ளுமுள்ளு, அடிதடி. பத்து நிமிஷத்தில் போய்ச்சேர வேண்டிய பாலாற்றங்கரைக்கு, பதினோரு தெருவும் சுற்றி, கழிவுநீர்ப் பள்ளத்தருகே அரைமணி நேரம் இறக்கிவைத்து, காலை பத்து மணிக்குக் கிளம்பிய ராஜவேலு சாயங்காலம் ஆறரைக்குப் போய்ச் சேர்ந்தான். முன்னால் நடந்த சந்திரா, "நாலு பேரு கேட்டியே, நாலு பேரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், அதே மூச்சில் அழுதாள்.

அந்த மார்கழியில் பஞ்சாயத்து கொசு மருந்து அடிக்கும் மெஷின் ஒன்று வாங்கியது. எங்கே அடிக்க வேண்டாம் என்று வேதாசலம் ஊர்ப் படத்தில் ஊர்வலம் போன வழியைச் சிவப்பு மையில் வரைந்து கொடுத்தார். மிச்சமிருந்தது ஷாப் முதலாளிகளின் பங்களா வரிசை ஒன்றுதான். ஊர்வலத்தன்று அவர்கள் கேட்டை மூடிவைத்திருந்தார்கள். மெஷின்காரர் அங்கே போகும் வழியில் மூன்றாவது தெருவில் வண்டியை நிறுத்தி, சந்திராவிடம் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். எந்த டம்ளர் என்று அவர் கேட்டதில்லை.